வராதவர்களையும் எண்ணுவோம்

(திருச்சி தூய வளனார் கல்லூரி முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுப்பா. இஞ்சினியர்னா சுருக்கமா பேசுவே" என்று சங்கச் செயலர் சொன்னார். சுருக்கமாகப் பேசும் இஞ்சினியரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் முயற்சி செய்கிறேன்.

1844-ல் நாகப்பட்டினத்தில் சேசு சபைத் தந்தையர் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு இடம் மாறிய கல்லூரி நம்முடையது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் பேர் மெயின் கார்டு கேட் வழியாக வந்து, லூர்து அன்னை ஆலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, வகுப்புக்கு ஓடியிருப்பார்கள்! அவர்களில் சில நூறு பேர் இன்று இங்கே கூடியிருக்கிறோம். கூடியதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வராதவர்களைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன்.

நம் மேடையில் ஏறுகிறவர் யாரானாலும் இரண்டு பெயர்களைச் சொல்லாமல் இறங்குவதில்லை. ஒருவர் டாக்டர் அப்துல் கலாம். இன்னொருவர் எழுத்தாளர் சுஜாதா என்கிற ரங்கராஜன். இருவரும் 1950-களின் தொடக்கத்தில் இங்கே இயற்பியல் படித்தவர்கள். பிறகு இருவருமே குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனார்கள். ஒருவர் ராக்கெட் பக்கம் போய் 2002-ல் குடியரசுத் தலைவரானார். மற்றவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரப் பணியில் பங்கு கொண்டார். நானும் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு நேராக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர்ந்தவன். ஆகவே அந்தப் பெயர்களைச் சொல்லும்போது எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. ஆனால் அவர்களோடு அதே வகுப்பில் உட்கார்ந்து "பிரசன்ட் சார்" சொன்ன மற்றவர்கள் யார்? எந்த மேடையிலும் அவர்கள் பெயர் வந்ததில்லை.

கலாம் தமது 'அக்னிச் சிறகுகள்' நூலில் விடுதி அறையை நினைவு கூர்கிறார். அதே அறையில் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவர், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவர், ராமேசுவரத்திலிருந்து வந்த இவர். உறவுக்காரர்கள் இல்லை, ஒரே ஊர்க்காரர்களும் இல்லை. வகுப்புத் தோழமையின் விசேஷமே இதுதான். வேலையில் கிடைக்கிற பழக்கத்தில் கொஞ்சம் காரியம் கலந்திருக்கும். வகுப்பில் அப்படியில்லை. பெயரின் முதலெழுத்து பார்த்து ரோல் நம்பர் போட்டார்கள், பக்கத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். அவன் அப்பா என்ன செய்கிறார் என்று தெரிவதற்குள் அவன் டிபன் பாக்ஸ் நமக்குப் பழகிவிட்டது.

இப்போது என் தொழில் சார்ந்த ஒரு சங்கதி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியல் அறிஞர் ஒரு வேலை செய்தார். போருக்குப் போன விமானங்களில் திரும்பி வந்தவற்றை மட்டுமே பார்க்க முடியும், அவற்றின் குண்டு ஓட்டைகளை மட்டுமே எண்ண முடியும். விழுந்துபோன விமானங்களில் எங்கே அடிபட்டது என்று யாருக்கும் தெரியாது. வந்தவற்றின் கணக்கை வைத்தே வராதவற்றின் கணக்கைப் போடும் வழியை அவர் எழுதிக் கொடுத்தார். வந்தவற்றை மட்டும் பார்த்து முடிவு செய்தால் தப்பான முடிவு வரும் என்பதே சாரம். அந்த வால்ட் 1950 டிசம்பரில் இந்தியாவுக்கு விரிவுரையாற்ற வந்தபோது, நம் நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்துபோனார் என்பது சோகமான செய்தி.

நம் கூடுகையும் அப்படித்தான். இந்த மண்டபத்தைப் பார்த்தால் நம் கல்லூரியில் படித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று தோன்றும். வந்திருப்பவர்கள் நன்றாக இருக்கிறோம், அவ்வளவுதான். எங்கள் வகுப்பில் நாற்பத்துச் சொச்சம் பேர். இன்றைக்கு வந்திருப்பது பாதிக்கும் குறைவு. மற்றவர்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள் சிலர். மீதிப் பேர் எங்கே? இந்தக் கூடுகைக்காக நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தேடினோம்.

ஒருவன் காவிரிக்கு வடகரையில் ஒரு ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். அவன் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். போன் பண்ணினால் எடுத்த எடுப்பிலேயே, "மாப்ளே, எனக்கு ரெண்டு பேப்பர் அரியர். டிகிரி வாங்காதவன் எப்படிடா முன்னாள் மாணவன்?" என்றான். அப்படி யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனாகவே முடிவு செய்துகொண்டது. நேரில் போனோம். கருகிய மோட்டாரைத் திறந்து முகர்ந்து பார்த்தே, ஈரம் இறங்கிக் கருகியதா, லோடு தாங்காமல் கருகியதா என்று சொல்கிறான். சுற்றுவட்டாரத்தில் போர்வெல் மோட்டார் நின்றால் விவசாயிகள் முதலில் தேடுவது அவனைத்தான். மூன்று வருஷம் இங்கே மின்காந்தவியல் படித்தவனுக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? அவன் இன்று வந்திருக்கிறான். எந்த வரிசை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எழுந்து ஓடிவிடுவான்.

இன்னொருவன் எண்ணுக்கு அடித்தபோது வேறு யாரோ எடுத்தார்கள். விசாரித்துக்கொண்டு அவன் ஊருக்கே போனோம். 2021-ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையில் இறந்துவிட்டான். எங்களில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. அவன் மனைவி எங்களை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். பீரோவிலிருந்து எங்கள் வகுப்பு குரூப் போட்டோவை எடுத்து வந்து, "இது நீங்கதானே அண்ணே? இது நீங்க" என்று எங்கள் பெயரை அவரே சொன்னார். அவன் சொல்லிச் சொல்லி அவருக்கு மனப்பாடம். இத்தனை வருஷமும் எங்களை எல்லாம் வீட்டில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தவன் ஏன் ஒரு கூடுகைக்கும் வரவில்லை என்று கேட்டோம். "வேலை சரியா அமையலைன்னு ஒரு கூச்சம் அண்ணே. போனா என்ன பண்றேன்னு கேப்பாங்கன்னு சொல்வாரு" என்றார். பக்கத்தில் அவன் பெண் குழந்தை நின்று எங்கள் முகத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நண்பர்களே, 'இப்ப என்ன பண்றே?' என்பது நமக்குச் சாதாரணக் கேள்வி. கேட்கிறவனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் வேலை போனவனுக்கும், கடன்பட்டவனுக்கும், கல்யாணம் முறிந்தவனுக்கும் அந்த ஒரு கேள்வி போதும், வாசலோடு திரும்பிவிட. திருவள்ளுவர் நட்பு என்று ஓர் அதிகாரம் எழுதியதோடு நிறுத்தவில்லை. 'பழைமை' என்று 81-ஆம் அதிகாரத்தைப் பழைய நண்பர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். பழகியவன் கேட்காமலே உரிமை எடுத்துக்கொண்டாலும் அதை விரும்பி ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே அழையாமல் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டும் உரிமை நமக்கு உண்டு. லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் வரும் ஆயனும் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடித்தான் போனான். நம் தந்தையர் இதைப் பலமுறை பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

சங்கத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று பேர் பொறுப்பேற்று, வராதவர்கள் பட்டியலைத் தயார் செய்ய வேண்டும். இரண்டு, பேட்ஜில் பெயர், படித்த ஆண்டு, பாடம், ஊர் இவை போதும், பதவி வேண்டாம். மூன்று, தேர்வில் தேறாமல் போனவர்களும் பாதியில் நின்றவர்களும் நம்மவர்களே என்று அழைப்பிதழிலேயே அச்சிட வேண்டும். பதிவுக் கட்டணம் கட்ட இயலாதவருக்கு அவர் வகுப்பு நண்பர்களே சத்தமில்லாமல் கட்டிவிட வேண்டும். நான்கு, மறைந்த தோழர்களின் குடும்பங்களுக்கும் அழைப்பு போக வேண்டும். அந்தக் குழந்தைகளின் படிப்புக்கு என்ன தேவை என்று அவர்கள் வாய் திறந்து கேட்கும் முன்பே நாம் விசாரிக்க வேண்டும். எங்கள் வகுப்பு அந்த ஒரு பெண்ணின் பள்ளிப் படிப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, மற்ற வகுப்புகளுக்கும் இது முடிகிற காரியம்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

படிக்கும் காலத்தில் வராதவனுக்காகப் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் ப்ராக்ஸி கொடுக்கும். சாருக்கும் தெரியும், சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். இப்போது ப்ராக்ஸி செல்லாது, ஆளையே கூட்டி வர வேண்டும். மதிய உணவுக்குப் பிறகு நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, ஆண்டுவாரியாகத் தாள்கள் வைத்திருக்கிறோம. உங்களுக்குத் தெரிந்த, இன்று வராத ஒருவரின் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போங்கள். எண் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஊர் தெரிந்தால் போதும், தேடிக்கொள்கிறோம்.