சுவாமிகளைப் படிக்க ஒரு மன்றம்



விழா என்றால் நாடகம் என்று வளர்ந்தவர்கள் நாம். நடித்தவர் பெயர் நமக்கு நினைவிருக்கும். எழுதியவர் பெயரைக் கேட்பவர் குறைவு. அதனால்தான் இன்று தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

1867-இல் தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் அவர். மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசும் வழக்கம் மலிந்திருந்த காலம் அது. சுவாமிகள் உரையாடலையும் பாடலையும் வரையறுத்து எழுதி, மனப்பாடம் செய்வித்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களைப் பயிற்றுவித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தாம்.

1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் மறைந்தார். நமக்கு அதிகத் தொலைவில் இல்லாத கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். அவர் பெயரைத் தாங்கிய நடிகர் சங்கங்களும் உள்ளன.

மாலை சூட்டுவது மரியாதை, படிப்பதே நன்றிக்கடன். அவர் எழுதியவை ஏறத்தாழ 68 நாடகங்கள் என்பர். அவற்றுள் நூலாகக் கிடைப்பவை மிகச் சிலவே. கம்பெனிகள் பிரதிகளை வெளியாருக்குக் காட்டாமல் பொத்தி வைத்தன. கம்பெனி கலைந்ததும் ஏடுகளும் சிதறின. அச்சில் வந்தவற்றிலும் பாடல்தான் இருக்கும், மெட்டு இராது. அது வயதான நடிகர்களின் தொண்டையில் இருக்கிறது.

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில் நம் பங்கில் ஒரு நாடக வாசிப்பு மன்றம் தொடங்குவோம். மாதம் ஒரு மாலை போதும். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' என ஒவ்வொன்றாக உரக்கப் படிப்போம். ஆர்மோனியம் தெரிந்தவர் மெட்டுக் காட்டட்டும். அருஞ்சொற்களுக்கு ஆசிரியர்கள் பொருள் சொல்லட்டும். ரசிப்பது என்றால் கைதட்டுவது மட்டுமன்று. சாவித்திரியிடம் இவ்வளவு எதிர்பார்க்கும் கதை சத்தியவானிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று நம் பெண்பிள்ளைகள் கேட்கட்டும்; அதையும் விவாதிப்போம்.

நம் வீட்டுப் பரண்களில் பழைய பாஸ்கா நாடக நோட்டுகள் கிடக்கலாம். அவற்றையும் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம். விருத்தாசலத்துப் பீங்கான் சூளையை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: சுடாத மண் ஒரு மழைக்குத் தாங்காது. எழுதி வைக்காத கலையும் அப்படித்தான்.

முதல் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தால் போதும். பெயர் கொடுங்கள்.