எரிமலைத் தீவில் ஒரு பகல்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



கப்பற் பிரயாணத்தைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டார். கப்பலில் உண்டதையும் உறங்கியதையும் சொல்லிப் பயனில்லை. மொறிசியசிலிருந்து புறப்பட்ட எங்கள் கப்பல் றீயூனியன் தீவில் ஒரு பகல் தங்கிற்று. அந்தப் பகலைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன்.

றீயூனியன் மடகாஸ்கருக்குக் கிழக்கேயுள்ள பிரெஞ்சுத் தீவு. நம் யாழ்ப்பாணக் குடாநாட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட பரப்புடையது. தீவு முழுவதும் கடலடியிலிருந்து எரிமலைகள் கக்கிய கல்லால் ஆனது. அவற்றுள் ஒன்று அவிந்துவிட்டது. அதன் உயரம் 3,070 மீற்றர். நம் பீதுருதாலகால மலை 2,524 மீற்றர்தான். மற்றது பித்தோன் தெ லா ஃபூர்நேஸ், அதாவது உலைக்களச் சிகரம். அது இன்றும் அடிக்கடி பொங்குகிறது.

காலையில் லெ போர் துறைமுகத்தில் இறங்கி, பஸ்ஸில் கீழ்க்கரை வழியாகச் சென்றோம். சாந்த் றோஸ் என்னும் ஊரில் ஒரு தேவாலயம் இருக்கிறது. 1977இல் எரிகுழம்பு ஊருக்குள் இறங்கி, வீடுகளை விழுங்கி, ஆலய வாசல்வரை வந்து, சுவர்களைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டதாம். குளிர்ந்து இறுகிய கருங்கல் இன்றும் கட்டடத்தைக் கட்டிப்பிடித்தபடி கிடக்கிறது. கிறிஸ்தவ அன்பர்கள் அதை அற்புதம் என்கிறார்கள். வாசலில் நின்று பார்த்தவனுக்கு வாதாடத் தோன்றாது.

அதற்கப்பால் கிராந்த் புறூலே என்ற பெருவெளி. 2007இல் குழம்பு நெடுஞ்சாலையை மூடிக் கடலில் விழுந்தது. அந்தக் கல்லின்மேலேயே புதுச் சாலை போட்டிருக்கிறார்கள். கையில் எடுத்த துண்டு கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்து, கண்ணாடிபோல் கையைக் கீறிற்று. ஒரு விஷயம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. இம்மலைக்கு அடியிலுள்ள வெப்பந்தான் ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், பாரத நிலம் அதன்மேல் நகர்ந்து சென்றபோது, தக்காணத்துக் கரும்பாறைகளைக் கக்கியது என்று பூமிசாஸ்திரிகள் கூறுகின்றனர். எல்லோராவில் கைலாசநாதர் கோயிலைக் குடைந்தெடுத்தது அந்தப் பாறையிலேதான்!

மலையைப் பார்க்கப் போன எனக்கு மனிதர்களைக் கண்டதே பெரிதாயிற்று. கடைப் பலகைகளில் றாமசாமி, வீரப்பிள்ளை என்று பிரெஞ்சு எழுத்தில் பெயர்கள். அங்கே 1848 டிசம்பர் 20இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடிய முதலாளிகள் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழரை ஒப்பந்தத்தில் ஏற்றினர். 1860இல் பிரித்தானியரோடு உடன்படிக்கை செய்தபின் சென்னையிலிருந்தும் ஆட்கள் சென்றனர். 1882இல் பிரித்தானிய அரசு அதை நிறுத்தும்வரை போனவர்கள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர். நம் மலைநாட்டுக்கு வந்தவர்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டதுபோல, அவர்கள் கிராந்த் ஷலூப் என்ற பள்ளத்தாக்கில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்தார்கள். அந்தக் கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன, பஸ் நிற்கவில்லை.

திரும்பும் வழியில் சாந்தாந்திரே என்ற ஊரில் ஒரு கோயிலில் ஒரு மணி நேரம் கிடைத்தது. உடப்பிலே திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிப்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கும் தீமிதிப்பு உண்டு. அம்மனைப் பாண்டியாலே என்கிறார்கள். பாரதக் கூத்து நடத்துபவர் நம் வாத்தியாரேதான். அவர்கள் வாயில் வார்த்தியால் ஆகிவிட்டார். காவடியும் உண்டு. ஆனால் பேச்சுமொழி பிரெஞ்சுக் கிறியோல். இப்போது சில பாடசாலைகளிலும் சங்கங்களிலும் தமிழ் கற்பிக்கிறார்களாம்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஒருவர் நெற்றி நிறைய நீறணிந்திருந்தார். எங்களை அழைத்துச் சென்ற பெண் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். "உங்கள் நாட்டுத் தோட்டங்களில் இருப்போர் இன்னும் தமிழ் பேசுகிறார்களா, ஐயா?" என்று கேட்டார். பேசுகிறார்கள் என்றேன். நம்பாதவர்போல் மறுபடியும் கேட்டார். பிறகு, "அவர்களுக்கு உங்கள் நாட்டு உரிமை எல்லாம் உண்டுதானே?" என்றார்.

அதற்குப் பதில் சொல்வது சுலபமாயில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானதையும், எஞ்சியோருக்கு உரிமை வழங்க 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்ததையும் சொன்னேன். அவர் தம் மார்பைத் தொட்டு, தாம் பிரெஞ்சுப் பிரஜை, தம் பாட்டனும் பிரெஞ்சுப் பிரஜை என்றார். பெருமையாகச் சொன்னாரா, என் மொழியைப் பார்த்து ஏங்கிச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

உள்ளே போய் ஒரு பழைய கொப்பியை எடுத்துவந்தார். கூத்துப் பாட்டு முழுவதும் பிரெஞ்சு எழுத்தில் தமிழ். வாய்விட்டுப் படித்தார், உச்சரிப்பில் குற்றம் சொல்ல இடமில்லை. ஒரு சொல்லில் விரலை வைத்து, இதற்கு என்ன பொருள் என்று கேட்டார். உற்றுப் பார்த்தேன்: அடைக்கலம். நான் சொன்னதை அப்பெண் கிறியோலில் சொல்ல, பெரியவர் பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த சொல்லைக் காட்டினார்.

பஸ்காரர் ஹோர்ன் அடிக்குமுன் நாலு சொற்கள்தான் முடிந்தன. கொப்பியோ நூறு பக்கத்துக்குக் குறையாது.