நீரிழிவும் காற்பாதுகாப்பும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமொன்றில் ஆற்றிய உரை)



மாட்டின் குளம்பில் முள் தைத்தால் அன்றே எடுத்துவிடுகிறோம். நம் காலில் தைத்தாலோ, "வலிக்கவில்லையே" என்று வயலுக்குச் சென்றுவிடுகிறோம். நீரிழிவு உடையவர்க்கு வலி தெரியாமைதான் பேராபத்தாகும்.

நீரிழிவு நகரத்தார் நோய் என்ற எண்ணம் இனிப் பொருந்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடி மக்களுக்கு இந்நோய் இருப்பதாகக் கணித்தது. இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்த ஓட்டமும் குறைகிறது. ஆகவே புண் ஏற்பட்டதும் தெரிவதில்லை. ஏற்பட்ட புண் எளிதில் ஆறுவதுமில்லை. நஞ்சேறி எலும்பை எட்டினால் விரலையோ காலையோ இழக்க நேரிடும். உழவனுக்குக் கால் போனால் பிழைப்பும் போயிற்று அன்றோ?

1946 முதல் வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதம் சிதைவதற்கு உணர்வின்மையே பெருங்காரணம் என்று விளக்கினார். அந்நோயாளர்க்குப் பயன்பட்ட மிருதுவான ரப்பர் செருப்பு, இன்று 'எம்.சி.ஆர்.' செருப்பு என்ற பெயரில் நீரிழிவு உடையவர்க்கும் உதவுகிறது.

செருப்பை மாலையில் வாங்குங்கள். அப்பொழுது பாதம் சற்று வீங்கியிருக்கும். குதிகாலைப் பிடிக்கும் வார் இருத்தல் நன்று. அணியுமுன் உள்ளே கல், முள் உண்டா எனக் கையால் தடவிப் பாருங்கள். மூடிய காலணி அணிவோர்க்குக் காலுறை வேண்டும். அது வியர்வையை ஈர்ப்பதாகவும், உள்ளே தடித்த தையல் இல்லாததாகவும், கணுக்காலை இறுக்காததாகவும் இருக்கட்டும். வெண்ணிறமாயின் இரத்தக் கறையோ சீழோ உடனே தென்படும். நாள்தோறும் துவைத்த காலுறையையே அணிக. கிழிந்ததைத் தைத்து அணியற்க.

சேற்றிலிருந்து கரையேறியதும் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமறத் துடையுங்கள். வெடிப்புக்கு எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் கூடாது. இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பார்வை குன்றியவர்க்கு வீட்டார் பார்த்துச் சொல்லட்டும். கால் ஆணியைப் பிளேடால் அறுக்காதீர். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காதீர். கோடையில் வெறுங்காலுடன் நடப்பதும், நேர்த்திக்கடனாகத் தீ மிதிப்பதும் நீரிழிவு உடையவர்க்கு ஆகா. கொப்புளமோ புண்ணோ கண்டால், சுத்தமான நீரில் கழுவித் துணியால் மூடி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள். பச்சிலை கட்டி நாளைக் கடத்தாதீர்.

உறுப்பினர்களே! 2021 ஆகஸ்டு 5-இல் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் நீரிழிவு மருந்து இல்லந்தேடி வருகிறது. மருந்து உண்போர் தம் பாதங்களையும் மருத்துவரிடம் காட்டும்படி கிராம சபையில் எடுத்துரையுங்கள். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வை அறியும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முகத்தை நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கும் நாம், நம்மைச் சுமக்கும் பாதத்தையும் ஒருமுறை பார்ப்போமாக.