கூட்டத்துக்குள்ளே ஒரு தனிமை

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)

 

1990 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் இந்த நோர்வே நாட்டின் வடகோடியிலே, பின்மார்க்கிலே, மீன் தொழிற்சாலைகளில் நின்ற எங்கட பெடியளுக்கு அம்மாவின் குரலைக் கேட்பதென்றால் இலேசான காரியமா? அம்மா கிளாலிக் கடல் கடந்து, வவுனியா தாண்டி, கொழும்பு லொட்ஜிலே வந்து நிற்க வேண்டும். இன்றைக்கு விரலால் ஒருக்காத் தட்டினால் அம்மாவின் முகமே வருகிறது. இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. இது எங்களுக்குக் கிடைத்த பெரும் பேறு.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கோ. ஒரு வட்ஸ்அப் குழுவிலே 1024 பேர் வரை சேரலாம். ஊர்க்குழு, பழைய மாணவர் குழு, கோயில் குழு, சொந்தக்காரர் குழு என்று ஆளுக்குப் பத்துக் குழு வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும், உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 இல் அறிக்கை வெளியிட்டது.

இது ஏன்? தனிமை இரண்டு வகை என்று 1973 இலேயே எழுதினார் ரொபேர்ட் வைஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர். தனக்கென்று ஒரு கூட்டம் இல்லாத தனிமை ஒன்று. மனம்விட்டுக் கதைக்க நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை மற்றது. ஒன்றுக்குரிய மருந்து மற்றதைத் தீர்க்காது என்றார் அவர். எங்கட குழுக்கள் முதலாவதை ஆற்றுகின்றன. இரண்டாவது அப்படியே கிடக்கிறது.

ஊரிலே தாய் செத்துப்போனால், பிள்ளை இங்கே அறைக்குள் இருந்து செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்க்கிறான். குழுவிலே இருநூறு பேர் கைகூப்பிய படம் போடுகிறார்கள். பாடை வெளிக்கிட்டதும் படம் நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்த அறையிலே அவனோடு ஆர் இருக்கிறது? ஊரிலே செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல்ச்சனம்தான் சமைத்துக் கொண்டுபோய், பக்கத்திலே இருந்து சாப்பிட வைக்கும். அந்த வழக்கத்தைக் கைத்தொலைபேசி எங்களிடமிருந்து பறிக்கவில்லை. படம் போட்டதோடு கடமை முடிந்தது என்று நாங்களாகத்தான் கைவிடுகிறோம்.

ஆகவே எனது வேண்டுகோள் சிறியது. துயரச் செய்தி வந்தால் குழுவிலே எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எழுதிய கையோடு ஒரு சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். தனிய இருக்கிற வயதுபோனவர்களுக்குக் காலை வணக்கப் படம் அனுப்புகிறவர்கள், கிழமைக்கு ஒருநாள் நேரே போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.

புத்தாண்டிலே மருத்துநீர் தலையில் வைப்பதற்கு ஒரு பெரியவரின் கை வேண்டும். கைவிசேஷம் வாங்குவதற்கும் இன்னொருவரின் கை வேண்டும். இன்றைக்கு இந்த மண்டபத்துக்கு வராதவர்கள் ஆர் ஆர் என்று வீட்டுக்குப் போகமுன் ஒருக்கா எண்ணிப் பாருங்கோ. நாளைக்கு அவர்களின் வீட்டுக்குப் போங்கோ.