அந்த 28 நிமிடங்கள் எங்கே போயின?
(கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பணிபுரியும் பள்ளி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ளது. லீ பஜாருக்கு வரும் சரக்கு லாரிகளின் ஒலிப்பானுக்கு நடுவேதான் எங்கள் பாடம் நடக்கும். பிள்ளைகள் பலரின் தந்தையர் சுமைப்பணியாளர்கள், ஓட்டுநர்கள்.

ஏழாம் வகுப்பில் வேகம் பற்றிய பாடம். நம்மூர் எடுத்துக்காட்டாக இருக்கட்டுமே என்று ஒரு கணக்குக் கொடுத்தேன். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திற்கும் சென்னை விமான நிலையத்திற்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு சுமார் 265 கி.மீ. இத்தடத்தில் பறக்கும் ஏடிஆர் வகை விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. பயண நேரம் என்ன?

எல்லோரும் 32 நிமிடம் என்று எழுதினர். ஒரு மாணவி மட்டும் ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன்.

அவள் எழுந்தாள். “சார், கால அட்டவணையில ஒரு மணி நேரம்னுதான் இருக்கு. எங்கப்பா லாரியை 60-ல ஓட்டினாலும் டோல்கேட்டு, ஊருக்குள்ள நெரிசல் எல்லாம் சேர்த்தா 40தான் வரும்பாரு. ஏரோப்ளேனுக்கும் அப்படித்தானே சார்?”

“கேட்டதற்கு மட்டும் பதில் எழுது, உட்கார்” என்றேன். அந்த வாரம் முழுவதும் அவள் கை உயரவேயில்லை.

மனம் உறுத்த, வீட்டில் அமர்ந்து தேடிப் படித்தேன். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து, சென்றடையும் இடத்தில் நிற்கும் கணம் வரை உள்ள நேரமே அட்டவணையில் இருக்கிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல வேண்டும். மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் 500 கி.மீ. வேகம் கிடையாது. ஓடுபாதையின் திசைக்கேற்பச் சுற்றி வர வேண்டும். சென்னை போன்ற நிலையத்தில் முறைக்காகக் காத்திருக்கவும் நேரலாம். 265 கி.மீ. தொலைவுக்கு 60 நிமிடம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 265 கி.மீ.தான். கணக்கில் காணாமற்போன 28 நிமிடங்கள் இவைதாம்.

என் கணக்கில் ‘சீரான வேகத்தில் பறந்தால்’ என்ற சொற்கள் இல்லை. பிழை வினாவில் இருந்தது, விடையில் இல்லை.

மறுநாள் வகுப்பில் அதைச் சொன்னேன். அவளையே கரும்பலகைக்கு அழைத்தேன். தன் தந்தையின் லாரிப் பயணத்தை நேரம் நேரமாக எழுதிச் சராசரி வேகத்தை விளக்கினாள். நான் இரண்டு பாடவேளைகளில் புரியவைக்க முடியாததை அவள் பத்து நிமிடத்தில் புரியவைத்தாள். பிறகு பிள்ளைகளே கேட்கத் தொடங்கினர்: செவ்வாய்ப்பேட்டையிலிருந்து காமலாபுரம் செல்லும் நேரம், முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரம், மீனம்பாக்கத்திலிருந்து வீடு சேரும் நேரம் இவற்றையும் கூட்டினால் என்ன ஆகும்?

நீங்களும் செய்து பாருங்கள். வரைபடத்தில் நூல் வைத்து, அளவுகோலின்படி நேர்கோட்டுத் தொலைவைக் காணச் சொல்லுங்கள். சாலைத் தொலைவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பேருந்தின் கால அட்டவணையிலிருந்தே சராசரி வேகத்தைக் கணக்கிடலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். மாறுபட்ட விடைக்குச் சிவப்புக் குறி இடும் முன், “எப்படிம்மா இந்த விடை வந்தது?” என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்காததால், ஒரு குழந்தை ஒரு வாரம் பேசாமல் இருந்தாள்.