கடிகாரம் பார்க்காத சம்பா

(பண்ணை வானொலி உரை)

தை மாசம் விடியற்காலையில் பூக்கூடையோடு ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மார்கழி போய்த் தை பிறந்தாச்சு, இன்னும் விடியக் காணோமே என்று பேசிக்கொள்வார்கள். அது பிரமை இல்லீங்க. வருஷத்தில் மிகக் குறைந்த பகல் டிசம்பர் 21, 22-ல்தான். ஆனால் திருச்சியில் சூரியன் ரொம்பத் தாமதமாக உதிப்பது ஜனவரிக் கடைசியில்; மணி 6-40 ஆகிவிடும். மே கடைசியில் 5-50 சுமாருக்கே உதித்துவிடும். சாயங்காலம் சீக்கிரமாகப் பொழுது சாய்வதோ நவம்பர் நடுவில். பூமி சாய்ந்திருப்பதாலும், சூரியனைச் சுற்றும் வேகம் ஒரே சீராக இல்லாததாலும் உச்சிப்பொழுதே முன்னும் பின்னும் நகர்கிறது.

போதாததற்கு, நம்ம கையில் கட்டியிருக்கிற மணி நம்ம ஊர் மணியும் இல்லை. 1906-ல் நாட்டுக்கென்று ஒரு பொது மணி வகுத்தார்கள். அது காக்கிநாடாப் பக்கமாகப் போகிற 82½ டிகிரிக் கோட்டின் மணி. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே உச்சிப்பொழுது சராசரியாகப் பன்னிரண்டேகாலுக்குத்தான். அஸ்ஸாமில் ஜூன் மாதம் நாலரைக்கே விடிந்துவிடும். அதனால் அங்கே தேயிலைத் தோட்டங்களில் ஒரு மணி முன்னால் தள்ளிய தனிக் கணக்கு வைத்து வேலை நடந்திருக்கிறது. யுத்தத்தின்போது, 1942 முதல் 1945 வரை, இந்தியா முழுவதுமே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தார்கள்.

மனுஷன் கணக்கு அப்படி. நெல்லின் கணக்கு வேறே. அதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

திருச்சியில் நீண்ட பகல் சுமார் 12 மணி 45 நிமிஷம். குறைந்த பகல் பதினொன்றரை மணி. வித்தியாசம் ஒன்றேகால் மணிதான். நமக்கு அது பெரிதாகத் தெரியாது. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பலவற்றுக்குத் தெரியும். இரவு நீள நீளத்தான் அவை தண்டு உருண்டு கதிர் கட்டும். இதை வைத்துத்தான் தஞ்சைப் பக்கத்தில் நம் பெரியவர்கள் குறுவையோடு ஒட்டடையானையும் கலந்து உடு விதைத்தார்கள். குறுவை வயசுக்கு வந்துவிடும், அறுத்துவிடலாம். ஒட்டடையான் கதிர் விடாமல் நின்று, மறுபடி தழைத்துப் பனிக்காலத்தில்தான் விளையும். 1960-களில் இந்தத் திருச்சி வானொலியால் 'ரேடியோ நெல்' என்றே பெயர் வாங்கிய ஏ.டி.டி. 27-ம் குறுவைக்கு வந்த ரகம்தான்.

இப்போது பாரம்பரிய ரகம் என்று விரும்பி வாங்குகிறோம். வாங்கும்போதே கேளுங்க: இது வயசுக்கு வருமா, பருவத்துக்கு வருமா? பருவத்துக்கு வருகிற ரகம் என்றால், வாய்க்காலில் தண்ணீர் தாமதமாகி ஒரு மாசம் பிந்தி நாற்று விட்டாலும் கதிர் ஒரு மாசம் பிந்தாது. நடுவில் பயிர் தழைக்கிற நாள்தான் குறையும். தூர் கட்டாமலே கதிர் வந்துவிடும், மகசூல் போய்விடும். அந்த நிலைமை வந்தால் நெருக்கி நடுங்க, குத்துக்கு இரண்டு நாற்று கூடுதலாக வையுங்க. முடிந்தால் குறுகிய வயசு ரகத்துக்கு மாறிவிடுவது நல்லது. மேலுரத்தையும் நட்ட நாளிலிருந்து எண்ணாதீங்க. உங்க ஊரில் அந்த ரகம் வழக்கமாகக் கதிர் தள்ளுகிற நாளுக்கு முப்பது நாள் முன்னால் என்று பின்னோக்கி எண்ணி யூரியா போடுங்க.

இன்னொரு சங்கதி. லால்குடி, மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ரோட்டை ஒட்டி வயல் வைத்திருப்பவர்கள் அவசியம் கேளுங்க. தெருவிளக்குக்கு அடியில் மட்டும் சம்பா பச்சையாகவே நிற்கும். சுற்றிலும் கதிர் வந்து தலை சாய்ந்திருக்கும். மருந்து அடித்துப் பயன் இல்லை, அது நோயே இல்லை. ராத்திரி வெளிச்சத்தைப் பயிர் பகல் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. முன்பு ஒரு மூலைக்கு ஒரு பல்பு எரிந்தது. இப்போது வெள்ளை வெளேரென்று வரிசையாக எரிகிறது. ரோட்டில் நடக்கிறவர்களுக்கு விளக்கு வேண்டும், வேண்டாமென்று சொல்ல முடியாது. வயல் பக்கம் வெளிச்சம் விழாதபடி விளக்குக்கு ஒரு மறைப்புத் தகடு போடும்படி ஊராட்சியில் எழுதிக் கொடுங்க. புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை அது இருந்தால் போதும். தகடு வருகிற வரைக்கும் அந்த ஓரத்து வரப்பில் இரண்டு பாத்தி வயசுக்கு வருகிற ரகமாக நட்டுக்கொள்ளுங்க. அறுவடையை மட்டும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். விதை நெல்லில் கலந்துவிடக் கூடாது.