நெடுங்காலம் காத்த பொருள்
(வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

கல்வியால் நம்மவர்க்கு வேலை கிடைத்தது. வேலையால் ஊதியம் வந்தது. அவ்வூதியத்தை நிலைத்த உடைமையாக ஆக்கிக்கொள்வது எவ்வாறு என்பதை இவ்வெள்ளி விழா நாளில் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உடைமையைக் காப்பதன் அருமையை நம் வரலாறே கூறும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையை அடுத்து, 1892 முதல் நம் மக்களுக்கு ஒப்படைக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். பத்தாண்டுகள் விற்கலாகாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கன்றிப் பிறர்க்கு மாற்றலாகாது என்பது நிபந்தனை. அவ்வாறிருந்தும் கடனும் வறுமையும் அச்சுறுத்தலும் சேர்ந்து, அவற்றுள் பலவற்றைப் பிறர் கைக்குக் கொண்டு சென்றன. அவசரத்திற்கு வேறு பணம் இல்லாத வீட்டில் நெடுங்கால உடைமை நிற்பதில்லை என்பதே நாம் கற்கும் பாடம்.

ஆகவே, சில மாதச் செலவுக்குரிய தொகையை முதலில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் தனியே வைப்போம். அதன் பின்னரே நெடுங்கால முதலீடு. அதற்கு ஏற்றது 1968இல் தொடங்கப்பெற்ற பொது வருங்கால வைப்பு நிதி. ஆண்டுக்கு 500 ரூபாய் செலுத்தினாலே போதும், கணக்குத் தொடரும். காலம் 15 ஆண்டுகள். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம். வட்டி விகிதத்தை அரசு அவ்வப்போது அறிவிக்கும். கணக்குடையார் பட்ட கடனுக்காக இத்தொகையை நீதிமன்ற ஆணையாலும் ஜப்தி செய்ய இயலாது. கடனுக்கு நிலத்தை இழந்த நமக்கு இப்பாதுகாப்பின் மதிப்பு நன்கு விளங்கும்.

பொறுமையின் பயனைக் கணக்கே காட்டும். 10,000 ரூபாய், ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டியில் பத்தாண்டில் ஏறத்தாழ 19,700 ஆகும்; இருபதாண்டில் 38,700; முப்பதாண்டில் 76,100. முதற் பத்தாண்டில் சேர்ந்தது 9,700. மூன்றாம் பத்தாண்டில் மட்டும் சேர்வது 37,400. இடையில் எடுப்பவர், பெரும்பயன் வரும் காலத்தை இழக்கின்றார். விலைவாசி ஏற்றம் இதில் ஒரு பகுதியை உண்ணும் என்பது உண்மையே. அதனாலேயே இளமையில் தொடங்குதல் இன்றியமையாதது.

சில திங்களில் பணம் இரட்டிப்பாகும் என்று ஆசை காட்டுவோரை நம்பற்க. ஒரு நாள் திருமண ஆடம்பரத்திற்காகப் பல்லாண்டுச் சேமிப்பைக் கலைத்தலையும் தவிர்ப்போம். முதல் ஊதியம் பெறும் இளைஞர் ஒவ்வொருவரும் அத்திங்களிலேயே கணக்கொன்று தொடங்கித் தம் மக்களின் உயர்கல்விக் காலம் வரை காப்பாராயின், அடுத்த தலைமுறை கடனின்றிக் கல்லூரி வாயிலில் நுழையும். அதற்கு நாம் இன்றே உறுதி பூணுவோம்.